ஜப்பானியப் பாட்டை அகரவரிசையில் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமே பார்த்து ஒரு பாட்டு பிடித்துப்போய், அதிலிருந்து இன்னொன்று, அப்புறம் பத்து என்று போய்க்கொண்டிருப்பவர்கள் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஜப்பானியர் தங்களுக்காகப் போட்டு வைத்திருக்கும் பாட்டுப் பட்டியல்தான் அது. ஏ, பி, சி என்று தேடினால் எதுவும் அகப்படாது. மொழி வகுப்புக்குப் போகும் நண்பர்களும், கரோக்கே கடையில் முழித்துவிட்டு வந்தவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தலைப்புகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். ஒலி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

பட்டியல் எந்த வரிசையில் இருக்கும்?

'கொஜூஓன்' வரிசையில். ஐம்பது ஒலி என்று பொருள். முதலில் அ, இ, உ, எ, ஒ. அடுத்து க, கி, கு, கெ, கொ. அதற்கடுத்து ச, ஷி, சு, செ, சொ. இப்படியே த, ந, ஹ, ம, ய, ர, வ என்று மொத்தம் பத்து வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம். கட்டம் ஐம்பது என்றாலும் ய வரிசையில் மூன்றும் வ வரிசையில் இரண்டும்தான் இன்று புழக்கத்தில் உள்ளன. தனியே நிற்கும் 'ன்' ஒன்றையும் சேர்த்தால் 46 எழுத்து.

பள்ளிப் பிள்ளைகள் வரிசைத் தலைகளை மட்டும் 'அ க ச த ந, ஹ ம ய ர வ' என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். பட்டன் வைத்த பழைய கைபேசிகளில் 1-க்கு அ வரிசை, 2-க்கு க வரிசை என்று போய் 0-க்கு வ வரிசை வரும். சிடி கடையின் தடுப்பு அட்டைகள், நூலகப் பட்டியல், கரோக்கே புத்தகத்தின் ஓரத்தில் இருக்கும் பட்டைகள் எல்லாம் இதே கணக்குதான். பத்துத் தலை எழுத்தை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இது நம் நெடுங்கணக்கு மாதிரியே இருக்கிறதே, தற்செயலா?

தற்செயல் இல்லை, சொந்தம்தான். நம் மெய்யெழுத்துகளை வரிசையாகச் சொல்லுங்கள்: க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ. கடைசியில் வரும் ழ, ள, ற, ன நான்கையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். இதில் ஜப்பானிய மொழிக்குத் தேவைப்படாத ங, ஞ, ட, ண, ல ஐந்தையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. ப இருக்கும் இடத்தில் ஹ போட்டால் அது அப்படியே ஜப்பானிய வரிசை.

காரணம் பௌத்தம். மந்திரங்களைப் பிழையில்லாமல் ஓதுவதற்காக ஜப்பானியத் துறவிகள் 'சித்தம்' என்ற இந்திய எழுத்தைக் கற்றார்கள். 806-இல் சீனாவிலிருந்து திரும்பிய கூக்காய் அந்தப் படிப்பை ஊன்றியவர்களில் முக்கியமானவர். அந்த எழுத்தோடு சமஸ்கிருத இலக்கண ஒழுங்கும் வந்து சேர்ந்தது: உயிர் முதலில், பிறகு தொண்டையில் பிறக்கும் ஒலி, அண்ணம், பல், உதடு என்று உள்ளிருந்து வெளியே வரும் மெய்கள், கடைசியில் ய, ர, வ. தங்கள் மொழியின் ஒலிகளை அந்தச் சட்டத்துக்குள் அடுக்கியதில் பிறந்ததுதான் கொஜூஓன். நாமும் அவர்களும் வேறு வேறு வழியாக ஒரே மூலத்துக்குப் போய்ச் சேர்கிறோம்.

ப இருந்த இடத்தில் ஹ வந்த கதை சுவையானது. ஜப்பானிய ஹ ஒரு காலத்தில் உதடு கூடிப் பிறந்த ஒலி. 16-ஆம் நூற்றாண்டு விடுகதை ஒன்று இப்படிப் போகிறது: தாயிடம் இரண்டு தடவை சேரும், தந்தையிடம் ஒரு தடவைகூடச் சேராது, அது என்ன? விடை, உதடு. தாய்க்கு ஜப்பானியச் சொல் 'ஹஹா', தந்தைக்கு 'சிசி'. இன்று ஹஹா என்று சொல்லிப் பாருங்கள், உதடு எங்கே சேருகிறது? விடுகதை போட்ட காலத்தில் அது கிட்டத்தட்ட 'ஃபஃபா'. அதற்கும் முன்னால் 'பபா' என்று இருந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் கணிப்பு. ஒலி மாறிவிட்டது, நாற்காலி மட்டும் மாறவில்லை. ம-வுக்குப் பக்கத்தில், உதட்டு ஒலிக்குரிய இடத்திலேயே இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

நம் வரிசை ன-வில் முடிகிறது, அவர்களுடையதும் 'ன்'-இல் முடிகிறது. இது மட்டும் தற்செயல்.

அப்படியானால் ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்ததா?

எழுத்து வரிசையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வரிசை என்பது கடன் வாங்கிய அலமாரி, உள்ளே இருக்கும் துணி அவர்களுடையது. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். நம் ஊரில் அது பரவலாகப் பேசப்பட்டது. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. சரி, பாட்டுக்குத் திரும்புவோம்.

'இரொஹா' வரிசை என்று ஒன்றும் சொல்கிறார்களே?

அது பழைய வரிசை. கானா எனப்படும் ஜப்பானிய ஒலியெழுத்து 47-உம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை வரும்படி கட்டிய ஒரு செய்யுள் இருக்கிறது. 'இ ரொ ஹ நி ஹொ ஹெ தொ' என்று தொடங்கும். மணக்கும் பூவும் உதிர்ந்துவிடுமே என்பது அதன் கருத்து. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு 1079-ஐச் சேர்ந்தது. பல நூற்றாண்டுகள் எல்லாவற்றையும் இந்தச் செய்யுள் வரிசையில்தான் அடுக்கினார்கள். 1889-இல் ஓட்சுகி ஃபுமிஹிகோவின் 'கென்காய்' அகராதி கொஜூஓன் வரிசையில் வெளிவரத் தொடங்கியபோது, அந்தக் காலத்துப் பெரிய அறிஞர் ஃபுகுசாவா யுகிச்சி அதைப் பார்த்து முகம் சுளித்தாராம். கதை கேட்கும் கொட்டகையில் செருப்பு டோக்கன்கூட இரொஹா வரிசையில்தானே இருக்கிறது என்று அவர் அலுத்துக்கொண்டதாகக் கதை.

இன்று பாட்டுப் பட்டியலில் இரொஹா கிடையாது. ஆனால் இசைக்குள் உயிரோடு இருக்கிறது. மேற்கத்திய இசையின் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி என்ற ஏழு பெயர்களுக்கு ஜப்பானியப் பாடப்புத்தகம் இ, ரொ, ஹ, நி, ஹொ, ஹெ, தொ என்று சொல்லும். சி மேஜர் அவர்களுக்கு 'ஹ' மேஜர். பியானோ கற்கும் ஜப்பானியக் குழந்தை ஆயிரம் வருடத்துச் செய்யுளின் முதல் அடியைத் தெரியாமலே ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.

தலைப்பு சீன எழுத்தில் இருந்தால் எந்த எழுத்தின்கீழ் தேடுவது?

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். பட்டியல் எழுத்தைப் பார்ப்பதில்லை, வாசிப்பைப் பார்க்கிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் 'யொமி' என்று ஒரு வாசிப்பு உண்டு, அதுதான் வரிசையைத் தீர்மானிக்கிறது. கான்ஜி எனப்படும் சீன எழுத்து ஒன்றுக்கே இரண்டு மூன்று வாசிப்பு இருக்கும் என்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது பட்டியலில் வெகுதூரம் தள்ளி நிற்கும்.

வடக்கு என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். சென் மசாவோ பாடிய 'கிதாகுனி நோ ஹரு' அதே எழுத்தில் தொடங்குகிறது, 'ஹொக்கிகோ' என்ற பாட்டும் அதே எழுத்தில் தொடங்குகிறது. முன்னது கி, பின்னது ஹொ. இரவு என்ற எழுத்து இன்னும் மோசம். யுகி சாவொரியின் 'யொஆகே நோ ஸ்கேட்' யொ-வில் இருக்கிறது. அதே எழுத்தில் தொடங்கும் 'இயெராய்ஷான்' சீன உச்சரிப்பை ஒட்டி வாசிக்கப்படுவதால் நேரே இ-க்கு ஓடிவிடுகிறது. வகுப்பில் படித்த வாசிப்பை நம்பி ய வரிசையில் அதைத் தேடி அரை மணி நேரம் தொலைத்தவன் நான்.

கண்ணீர் என்ற எழுத்துக்குப் பொது வாசிப்பு 'நமிதா', மி-க்கு அடுத்த த-வை மென்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் 'நதா சோசோ' பாட்டில் அது ஒகினாவா பேச்சுப்படி 'நதா'. நல்லவேளை, இரண்டும் ந-வில்தான் தொடங்குகின்றன. இரண்டாம் எழுத்தில் பிரிந்துவிடுவதால் பக்கம் மட்டும் மாறும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மொரியாமா நவோதாரோவின் 2003-ஆம் ஆண்டுப் பாட்டு 'சகுரா' கானாவின் ஒரு வகையான ஹிராகானாவில் எழுதப்பட்டது. கொபுகுரோவின் 2005 'சகுரா' ஒற்றைக் கான்ஜியில். இகிமோனொககாரியின் 2006 'சகுரா' ரோமன் பெரிய எழுத்தில். மூன்று எழுத்துமுறை, மூன்று பாட்டு. பட்டியலில் மூன்றும் ச வரிசையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். நம் கண்ணுக்கு மூன்று, பட்டியலின் காதுக்கு ஒன்று.

வல்லின க, மெல்லிய க என்று தனித்தனியாக வருமா?

வராது. 'கல்'லில் வரும் க-வும் 'அங்கே'யில் வரும் க-வும் ஜப்பானிய மொழியில் தனித்தனி ஒலிகள்தாம். ஆனால் இரண்டாவதை எழுத, முதல் எழுத்தின் மேல் மூலையில் இரண்டு சிறு கீற்று போட்டால் போதும். வரிசைப்படுத்தும்போது அந்தக் கீற்றைக் கண்டுகொள்வதில்லை. மற்ற எல்லா எழுத்தும் ஒன்றாக இருந்தால் மட்டும் கீற்று இல்லாதது முன்னால், கீற்று உள்ளது பின்னால். ஹ-வுக்குக் கீற்று போட்டால் ப-வின் மெல்லொலி, சிறு வட்டம் போட்டால் வல்லொலி. எல்லாம் ஹ வரிசைக்குள்ளேயே அடங்கும்.

இங்கிலீஷ் வழியாக வருகிறவர்கள் கே ஒரு பக்கம், ஜி ஒரு பக்கம் என்று அலைவார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே க-வை வைத்துக்கொண்டு இரண்டாயிரம் வருடம் குப்பை கொட்டியவர்கள் நாம்.

நல்ல உதாரணம் 'ஜோசன்' என்ற குழந்தைப் பாட்டு. 'யானையார்' என்று தமிழில் சொல்லலாம். ஜ-வைப் பார்த்துவிட்டு எங்கோ தேடாதீர்கள், சொ-வின்கீழ் இருக்கும். எழுதியவர் மதோ மிச்சியோ, இசை தன் இகுமா. மதோ 1994-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்ற முதல் ஜப்பானிய எழுத்தாளர். போரில் யானைகளை இழந்திருந்த தோக்கியோவின் உஎனோ விலங்குக்காட்சி சாலைக்கு நேரு 1949-இல் 'இந்திரா' என்ற யானையை அனுப்பினார். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பாடி வளர்ந்த பாட்டு இது.

நெடிலுக்குத் தனி இடம் உண்டா?

இல்லை. நமக்கு ஒ வேறு, ஓ வேறு. அவர்கள் ஓ-வை 'ஒஉ' அல்லது 'ஒஒ' என்று இரண்டு எழுத்தாக எழுதுவார்கள், வரிசையும் அப்படியே எண்ணப்படும். பழைய கடிகாரத்தைப் பற்றிய 'ஓகினா ஃபுருதொகெய்' ஒ-வுக்கு அடுத்து இன்னொரு ஒ என்ற கணக்கில் வரும். வெளிநாட்டுச் சொற்களை எழுதும் கானா வகையான கத்தாகானாவில் நெடிலுக்கு ஒரு கோடு போடுவார்கள். அதைச் சில பட்டியல்கள் முந்தைய உயிராக எண்ணும், சில விட்டுவிடும்.

இரட்டிக்கும் மெய்யில் ஒரு பொறி இருக்கிறது. 'ஹொக்கிகோ'வில் வரும் க்-கைச் சின்ன 'ட்சு' எழுத்தால் குறிப்பார்கள். வரிசையில் அது முழு ட்சு போலவே எண்ணப்படும். அதனால் 'ஹொதாரு நோ ஹிகாரி' முன்னால் வரும், 'ஹொக்கிகோ' பின்னால் வரும். த, சி, ட்சு என்பதுதானே வரிசை. இந்த ஒரு விதி தெரியாமல் 'பட்டியலில் அந்தப் பாட்டே இல்லை' என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர்.

இங்கிலீஷ் தலைப்பு, எண்ணில் தொடங்கும் தலைப்பு?

அதே மந்திரம்தான், ஜப்பானியர் எப்படி வாசிப்பார்களோ அப்படி. மார்னிங் முசுமே குழுவின் 1999 வெற்றிப் பாட்டு 'லவ் மெஷின்' பாதி ரோமன் எழுத்து. வாசிப்பு 'ரபு மஷீன்', ஆகவே ர வரிசை. ல என்று தனி வரிசை இல்லை. காஸே குழுவின் '22 வயதின் பிரிவு' எண்ணில் தொடங்குகிறது. வாசிப்பு 'நிஜூநிசாய் நோ வகாரே', எனவே நி. சுய்செஞ்ஜி கியோகோவின் '365 அடி நடை' பாட்டு 'சம்பியாகு' என்று தொடங்குவதால் ச.

சில கருவிகள் ரோமன் தலைப்புகளைத் தனியே கடைசியில் கொட்டி வைத்திருக்கும். கிடைக்கவில்லையென்றால் அங்கேயும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

முதல் அடிதான் நினைவிருக்கிறது, தலைப்பு தெரியாது. என்ன செய்வது?

தமிழர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நமக்குப் பாட்டின் பெயரே அதன் முதல் அடிதான். தேவாரப் பதிப்பின் பின்னால் இருக்கும் பாட்டு முதற்குறிப்பு அகராதி முதல் சினிமாப் பாட்டு வரை அப்படியே பழகிவிட்டோம். ஜப்பானியப் பாட்டுக்குத் தலைப்பு வேறு, எடுப்பு வேறு. எடுப்புக்கு அவர்கள் சொல் 'உதாய்தாஷி'.

இதில் பெரிய குழப்பம் தும்பிப் பாட்டு. மிகி ரோஃபூ எழுதி யமாதா கோசாகு இசையமைத்த அந்தப் பாட்டின் தலைப்பு 'அகா தொம்போ', சிவப்புத் தும்பி. ஆனால் அது தொடங்குவது 'யூயாகே கொயாகே' என்ற சொற்களில், அதாவது அந்திச் செம்மை. காதில் விழுந்ததை வைத்து ய வரிசைக்குப் போனால் அங்கே 'யூயாகே கொயாகே' என்ற தலைப்பிலேயே வேறொரு பாட்டு இருக்கும், அதுவும் அதே இரண்டு சொல்லில்தான் தொடங்கும்! நகமுரா உகோ எழுதி குசகாவா ஷின் 1923-இல் இசையமைத்தது அது. பல ஊர்களில் சாயங்காலம் ஒலிபெருக்கியில் அந்த மெட்டைப் போட்டால் விளையாடும் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று பொருள்.

'நனாட்சு நோ கோ' என்று கேட்டால் ஜப்பானியரே ஒரு நொடி யோசிப்பார்கள். 'கராசு', அதாவது காக்கை என்று அதன் முதல் சொல்லைச் சொன்னால் உடனே பாட ஆரம்பிப்பார்கள். 'ஃபுருசாதோ' என்ற 1914-ஆம் ஆண்டுப் பள்ளிப் பாட்டு முயலைத் துரத்திய மலையில் தொடங்குகிறது. 'துரத்திய' என்ற பழஞ்சொல் 'ஒய்ஷி', 'ருசியான' என்ற சொல் 'ஒய்ஷீ'. முயல் கறி ருசி என்றுதான் பாட்டு சொல்கிறது என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே ஏராளம்.

இப்போதைய கரோக்கே கருவிகளில் எடுப்பை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. 'உதாய்தாஷி' என்ற பொத்தானைத் தேடுங்கள்.

ர வரிசையில் ஏன் இவ்வளவு குறைவாகப் பாட்டு இருக்கிறது?

பழைய ஜப்பானியச் சொல் எதுவும் ர-வில் தொடங்காது, அதனால்தான். தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இது புதுசில்லை. நமக்கும் ர, ல மொழிமுதல் வராது. வந்தால் முன்னால் ஓர் உயிரைப் போட்டு இராமன், உரோமம் என்று எழுதுவோம். அவர்களும் அதையே செய்தார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பு. 'எதோ' காலம் எனப்படும் 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் ரஷ்யாவை அவர்கள் அழைத்த பெயர் 'ஒரொஷியா'! நாம் உருசியா என்றோம், அவர்கள் ஒரொஷியா என்றார்கள்.

ஆகவே ர வரிசையில் நீங்கள் பார்க்கும் தலைப்புகள் பெரும்பாலும் சீனத்திலிருந்து வந்த சொல், இல்லையென்றால் மேற்கிலிருந்து வந்த சொல். 'ரியோஷூ' சீனச் சொல். போர் முடிந்த கையோடு 1945-இல் வந்த திரைப்படம் ஒன்றில் நமிகி மிச்சிகோ பாடி நாடே முணுமுணுத்த 'ரிங்கோ நோ உதா', ஆப்பிள் பாட்டு. அந்த 'ரிங்கோ'வும் சீனத்திலிருந்து வந்ததுதான். 'லவ்', 'ரெயின்' போன்றவை பிற்பாடு வந்து வரிசையைக் கொஞ்சம் நிரப்பின.

'ன்' எழுத்தில் தொடங்கும் பாட்டு?

தேட வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் 'ஷிரிதோரி' நம் அந்தாதி மாதிரி, முடியும் எழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும். 'ன்'-இல் முடியும் சொல்லைச் சொன்னவர் அவுட். அதற்கு மேல் தொடர முடியாதே.

எந்த எழுத்தில் பாட்டு அதிகம்?

சினிமா, பாப் எல்லாம் சேர்த்து எண்ணிச் சொல்வது கஷ்டம். ஆனால் துல்லியமாக எண்ணப்பட்ட பழைய தொகுப்பு ஒன்று இருக்கிறது. 'உதா' என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பாட்டு, கவிதை இரண்டும் பொருள். 13-ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்கா தொகுத்த 'ஹ்யகுநின் இஷ்ஷு' நூறு புலவர்களின் நூறு குறும்பாக்கள். இவற்றுக்குத் தலைப்பு கிடையாது, நம் வழக்கம்போல முதல் அடிதான் அடையாளம்.

இதை வைத்து 'கருதா' என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள், புத்தாண்டு சமயத்தில் வீடுகளில், பந்தயமாக ஓட்சு நகரின் ஓமி கோயிலில். ஒருவர் பாட்டை முதலிலிருந்து ஓதுவார். அதன் பின்பாதி எழுதிய சீட்டை எதிராளிக்கு முன்னால் தட்டிப் பறிக்க வேண்டும். முழுப் பாட்டையும் கேட்டுக்கொண்டிருந்தால் தோல்விதான். அதனால் ஆட்டக்காரர்கள் நூறையும் முதல் ஒலி வாரியாகப் பிரித்து மனப்பாடம் செய்வார்கள். மு, சு, மெ, ஃபு, ச, ஹொ, செ என்ற ஏழு ஒலிகளில் ஆளுக்கு ஒரு பாட்டுதான் உண்டு. ஓதுபவர் 'மு' என்று வாயெடுத்ததும் கை பறக்கும். 'முசுமெ ஃபுசஹொசெ' என்று சேர்த்துச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்வார்கள். மறுகோடியில் அ இருக்கிறது. அதில் தொடங்குபவை மட்டும் 16, அடுத்து ந-வில் 8. அ என்று கேட்டவுடன் பாய்ந்தால் தப்பான சீட்டில்தான் கை விழும், இன்னும் சில ஒலி காத்திருக்க வேண்டும். ர, ரி, ரு, ரெ, ரொ ஐந்திலும் ஒன்றுகூட இல்லை.

வரிசைக்கு ஒன்று என்று கேட்டுப் பார்க்க என்ன சொல்வீர்கள்?

அ வரிசைக்கு சகமொத்தோ க்யூ 1961-இல் பாடிய 'உஎ ஒ முய்தே அருகோ'. அமெரிக்காவில் 'சுகியாகி' என்று மாட்டிறைச்சிப் பண்டம் ஒன்றின் பெயரை அதற்கு ஒட்டிவிட்டார்கள். பாட்டுக்கும் கறிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1963 ஜூனில் அங்கே முதலிடத்தில் மூன்று வாரம் நின்றது. ஆக, இங்கிலீஷ் பட்டியலில் எஸ், ஜப்பானியப் பட்டியலில் உ.

க வரிசைக்கு மிசோரா ஹிபாரியின் 'கவா நோ நகாரே நோ யோ நி', ஆற்றின் ஓட்டம் போல. 1989 ஜனவரியில் வெளிவந்தது, அதே ஜூனில் அவர் மறைந்தார். ச-வுக்கு ஹொக்காய்தோ மீனவர்களின் 'சோரான் புஷி'. த-வுக்கு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பாட்டான 'தன்கோ புஷி', முன்னோரை நினைத்து ஆடும் கோடைக்கால 'போன்' நடனத்தில் கட்டாயம் வரும்.

ந-வுக்கு மேலே சொன்ன 'நதா சோசோ'. வரிகள் மொரியாமா ரியோகோ, இறந்துபோன தன் அண்ணனை நினைத்து எழுதியது. இசை ஒகினாவாவின் பிகின் குழு. நட்சுகாவா ரிமி 2001-இல் பாடியபின் ஊரெல்லாம் பரவியது. 'சகுரா' பாடிய நவோதாரோ இந்த ரியோகோவின் மகன்தான்.

ஹ-வையும் வ-வையும் சேர்த்தே கேளுங்கள். 'ஹொதாரு நோ ஹிகாரி' 1881-ஆம் ஆண்டுப் பள்ளிப் பாடநூலில் வந்தது, மெட்டு ஸ்காட்லாந்தின் பழம்பாட்டு. பட்டமளிப்பு விழாக்களில் பாடுவார்கள். கடை மூடும் நேரத்தில் ஒலிப்பதும் அதுதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காலை வைத்துத் தாளம் போட்டுப் பாருங்கள், கடையில் வருவது பெரும்பாலும் மூன்று தட்டில் ஓடும். அது 'வகாரே நோ வருட்சு', பிரிவின் வால்ட்ஸ். அதே மெட்டை கொசெகி யூஜி வேறு பெயரில் ஒளிந்துகொண்டு மாற்றியமைத்தது. ஒரே மெட்டு, பட்டியலில் ஒன்று ஹொ, இன்னொன்று வ.

ம-வுக்கு 1946-இன் 'மிகான் நோ ஹனா சகு ஒகா', ஆரஞ்சுப் பூ பூக்கும் குன்று. வானொலி ஒலிபரப்புக்குப் போகும் வழியில் ரயிலிலேயே மெட்டுப் போட்டார்கள். ய-வுக்கு 'யாஷி நோ மி', தேங்காய். இராகோ முனையில் கரை ஒதுங்கிய தேங்காயைப் பார்த்த யனகிதா குனியோ அதை நண்பர் ஷிமசாகி தோசொனிடம் சொல்ல, அவர் கவிதையாக்கினார். 1936-இல் இசை சேர்ந்தது. தென்னை பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தேங்காய் அதிசயப்பொருளாக இருப்பதே அதிசயம்.

கரோக்கே கடைகளில் அந்தத் தடிப் புத்தகம் இன்னும் இருக்கிறதா?

அநேகமாகப் போய்விட்டது. இனொஉஎ தய்சுகே 1971-இல் கோபேயில் காசு போட்டால் ஓடும் பெட்டியைக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டபோது கையில் இருந்தது சில டேப்புகள்தான். 1992-இல் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாட்டை அனுப்பும் கருவி வந்தது. பாட்டின் எண்ணிக்கை எகிற, அட்டவணைப் புத்தகமும் டெலிபோன் டைரக்டரி அளவுக்கு வீங்கியது. தலைப்பு வரிசையில் ஒன்று, பாடகர் வரிசையில் ஒன்று. பாட்டின் எண்ணைப் பார்த்து ரிமோட்டில் அடிக்க வேண்டும். பிறகு தொடுதிரைப் பலகை வந்தது, 'தென்மொகு' என்று ஒரு பெயரே நிலைத்துவிட்டது. திரையிலும் அதே அ, க, ச, த, ந கட்டங்கள்தான்.

நான் தமிழில் பட்டியல் எழுதி வைத்தால் எந்த வரிசையில் போடுவது?

நான் ஒரு நோட்டில் அவர்கள் வரிசையில்தான் எழுதுகிறேன். நம் அகரவரிசையில் போட்டால் ஹ, ஜ, ஷ எல்லாம் கிரந்தம் என்று கடைசிக்குப் போய்விடும், 'ஹொதாரு'வும் 'ஃபுருசாதோ'வும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். மூன்று இடத்தில் மட்டும் கவனம் தேவை. 'ச்சோ', 'சி' என்று நாம் எழுதும் ஒலிகளில் பல த வரிசையைச் சேர்ந்தவை. பட்டாம்பூச்சிப் பாட்டான 'ச்சோச்சோ' த-வில் இருக்கிறது. ட்சு-வும் த-வில். ஃபு ஹ-வில். தலைப்பின் நடுவில் 'வ' என்று ஒலிக்கும் வேற்றுமை உருபை அவர்கள் 'ஹ' எழுத்தில் எழுதுவார்கள். 'வரே வ உமி நோ கோ'வில் வரும் இரண்டாவது வ அதுதான். சில பட்டியல் எழுத்தை எண்ணும், சில ஒலியை எண்ணும்.

டோக்கியோ, டொயோட்டா என்று ட போட்டு எழுதுவது இங்கிலீஷ் வழியாக வந்த பழக்கம். அவர்கள் நாக்கு பல்லைத் தொடுகிறது, நம் த-வுக்குத்தான் பக்கம். க-வை இரட்டித்து எழுதுவதா என்று எனக்கும் குழப்பம் இருந்தது. 'அகா தொம்போ'வில் க வல்லொலி. அதைக் காட்ட 'அக்கா தொம்போ' என்று எழுதிப் பார்த்தேன். தும்பி அக்காவாகிவிட்டது. ஒற்றைக் க-வோடு விட்டுவிட்டு, பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.